காண்டாக்ட் பட்டியல்

சுகாதாரத் துறையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலச் சொற்களில் பாதிக்குமேல் மறந்துபோயின. மறக்காத ஒன்று, காண்டாக்ட். அது நோயாளியைக் குறிக்கும் சொல் அல்ல. நோய் கண்டவரோடு ஒரே வீட்டில் இருந்தவர், பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், தூக்கியவர், துணி துவைத்தவர், சோறு ஊட்டியவர் எல்லாரும் காண்டாக்ட். இன்றைக்கு அவர் நன்றாகத்தான் இருப்பார். நாளைக்கும் நன்றாகவே இருந்துவிடலாம். ஆனால் பதினாறு நாள் அவர்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். எங்கள் இன்ஸ்பெக்டர் இதைத் 'தொடர்புடையார்' என்று தமிழில் எழுதச் சொன்னார். எழுதும்போது அப்படி எழுதினோம். வாயால் சொல்லும்போது அவர் உட்பட எல்லாருக்கும் காண்டாக்ட்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு வேலை. அம்மை குத்த ஆண்கள் வந்தால் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று ஒரு பெண்ணையும் போட்டுப் பார்த்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன், கல்யாணம் ஆகவில்லை, அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் அதுவாகவே இருந்தது. அக்கா வீட்டில் தங்கிக்கொண்டேன். அத்தான் தீப்பெட்டி லோடு ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர். வடக்கே போனால் பதினைந்து இருபது நாள் கழித்துத்தான் தலை தெரியும். வீட்டில் அக்கா, அக்காவின் கைக்குழந்தை, நான்.

நான் நயமாகப் பேசி வேலை வாங்குகிற ரகம் இல்லை. ஐஸ் போட்ட பிளாஸ்கில் அம்மைப்பால் என்கிற பெரியம்மைத் தடுப்பு மருந்து, கைப்பையில் பல் வைத்த சின்ன வட்ட ஊசி. தோலில் ஒரு சொட்டு விட்டு, ஊசியை வைத்து அழுத்தி ஒரு திருகு. அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு திருகுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் இறக்கிவிடுவார்கள். நானும் குதிருக்குள் கையை விட்டு இழுப்பேன். கட்டிலுக்கு அடியில் ஒளிந்த ஒரு பயல் என் மணிக்கட்டைக் கடித்த தடம் பல வருஷம் இருந்தது. அவனுக்கும் குத்திவிட்டுத்தான் வந்தேன். நான் அந்தப்பக்கம் திரும்பியதும் குத்திய இடத்தில் சாம்பலை அப்பித் தேய்த்துவிடுவார்கள் என்று தெரிந்ததால், குத்திய பிள்ளையை வெயிலில் நிறுத்தி, காயும்வரை பக்கத்திலேயே நிற்பேன். 'கை வெளங்காமப் போயிரும்' என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றட்டும் என்று விட்டுவிட்டேன். ராட்சசி என்று எனக்குப் பட்டப்பெயர் இருந்தது. உள்ளூர எனக்கு அதில் பெருமைதான். இன்ஸ்பெக்டர் மற்ற ஊர்க்காரர்களிடம் என்னைக் காட்டிப் பேசுவதாகக் கேள்விப்பட்டபோது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

காண்டாக்ட் பட்டியல் எடுப்பதில் வேறு விதமான கூத்து. எங்கேயாவது பெரியம்மை கண்டால், அந்த வீட்டுக்கு யார் யார் வந்துபோனார்கள் என்று கேட்டு, நீளமான ஒரு தாளில் பெயர், வயது, தெரு, எந்தத் தேதியில் வந்தார், முன்பு குத்திய தழும்பு உண்டா என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு பெரிய மனிதரின் பெயர், அவர் போகவே போகாத தெருவில் ஒரு பெண்ணின் வீட்டுப் பட்டியலில் வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அவர் இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, தான் பதினாறு நாள் இல்லை, முப்பத்திரண்டு நாள் வேண்டுமானாலும் கண்காணிப்பில் இருப்பதாகவும் பெயரை மட்டும் அடித்துவிடும்படியும் கேட்டார். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் சண்டைக்கு வருகிற ஊர், இந்தத் தாளில் பெயர் வந்தால் சண்டைக்கு வந்தது. டீக்கடைக்காரர் ஒருவர் மட்டும், தன் கடையில் டீ குடித்தவனுக்கு அம்மை வந்தும் தன்னைச் சேர்க்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அக்கா பிள்ளைக்கு அப்போது எட்டாவது மாதம். வயிற்றால் ஊர்ந்து வீடு முழுக்கத் தவழும். அதற்கு முன்னால் அக்காவுக்கு ஒரு பிள்ளை பிறந்து நாற்பது நாளில் போய்விட்டது. அதனால் இந்தப் பிள்ளைக்கு ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் முதல் முடி இறக்கும்வரை உடம்பில் கத்தி, ஊசி எதுவும் படவிடுவதில்லை என்று நேர்ச்சை. காதுகூடக் குத்தவில்லை. மூன்றாவது மாதம் முடிந்ததும் அம்மைப்பால் வைத்திருக்க வேண்டும். நான் அக்காவிடம் கேட்டேன். முடி இறக்கிவிட்டு வந்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். அடுத்த மாதம் ஒருமுறை கேட்டேன். அதையே சொன்னாள். அவள் முதல் பிள்ளையைக் குழியில் இறக்கியபோது நான் கூட இருந்தவள். சரி, ஆடி வரட்டும் என்று விட்டுவிட்டேன். என் ரிஜிஸ்டரில் குத்தாத பிள்ளைகள் என்று ஊரில் மிச்சமிருந்த ஏழெட்டில் அதுவும் ஒன்று.

பங்குனி மாதம் மேலத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. எனக்கு அது ஏழாம் நாள்தான் தெரிந்தது; அம்மை குத்துகிறவளிடம் அதை யாரும், அக்காவும்கூட, சொல்லமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்பிள்ளை ஒரு வாரமாக வரவில்லை என்று வாத்தியார் சொல்லி அனுப்பினார். ஒன்பது வயதுப் பிள்ளை. இரண்டு வருஷத்துக்கு முன்பு குத்தியதாகக் கணக்கில் இருந்தது, கையில் தழும்பு இல்லை. சாம்பல் தேய்த்த கை. முகம், கை, கால் எல்லாம் முத்து முத்தாகப் போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அந்த நிலையிலும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையின் அம்மாவும் என் அக்காவும் ஒரே வருஷம் அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். இரண்டு பேரும் தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவர்கள். அந்த ஊரில் ஒட்டாத வீடு எது. ஏஜெண்டு சிவகாசியிலிருந்து மரத்தகடும் காகிதமும் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். ஒட்டிக் காயவைத்த கூடுகளைக் கடகப்பெட்டியில் அள்ளிக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் வீட்டு முற்றத்தில் கொட்ட வேண்டும். எந்த வீட்டுக் கூடு கோணல் என்று பிறகு தெரிவதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. மேல்வரிசைக் கூடுகளின் உட்புறம் நீல மையால் அந்தக் குறியைப் போட்டிருக்க வேண்டும். அக்காவுக்கு ஒரு கோடு. மேலத்தெருக்காரிக்கு மூன்று புள்ளி.

நான் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் வாசலைக் காட்டினாள்.

"ஆத்தா வந்து இறங்கியிருக்கிற வீடு. யாரு வருவாக? ஒரு சுடுகுஞ்சு இந்த நடை தாண்டல. உப்பு, நெருப்பு, ஒரு வாய் மோருகூட இங்கன இருந்து வெளிய போகல. வேணும்னா ஆத்தா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போகக் கூடாது, அங்கிருந்து எதையும் வாங்கக் கூடாது, தண்ணீர் ஊற்றி முடியும்வரை பிச்சைகூட அந்த வாசலில் கேட்கமாட்டார்கள். எங்கள் துறை பத்து நோட்டீஸ் ஒட்டிச் சாதிக்க முடியாததை ஊர் தானாகவே செய்துவைத்திருக்கிறது என்று எனக்கு அந்த வழக்கத்தின் மேல் மரியாதையே இருந்தது. வீட்டில் இருந்த நான்கு பேரை மட்டும் எழுதி, அவர்களுக்குக் குத்திவிட்டு, பக்கத்து வீடுகள் இரண்டிலும் குத்திவிட்டு வந்தேன். இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்தார். இத்தனை சின்னப் பட்டியலா என்று கேட்டார். அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள் சார் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்கு ஆறு நாள் கழித்து ஒரு காலை, அக்கா கடகப்பெட்டியில் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அருகில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கடகத்தில் ஒற்றைக் கோடு. பக்கத்தில் இருந்த இன்னொரு கடகத்தில் மூன்று புள்ளி. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அங்கன போனியா?"

"போகல. பெட்டி எடுக்கத்தான் போனேன்."

அவள் என்னை ஏமாற்றவில்லை. அவள் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்தது. ஆத்தா வந்த வீட்டுக்குப் போவது என்பது விசாரிக்கப் போவது, உட்கார்வது, கை நனைப்பது. பெட்டி எடுக்கப் போவது போவதில் சேராது. கொடுக்கல் வாங்கல் கூடாதுதான். ஆனால் கூடு கம்பெனியினுடையது, அதில் யார் யாருக்குக் கொடுத்தார்கள்? அந்த அம்மாளால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. இரண்டு தவணை கூடு வந்து சேராவிட்டால் ஏஜெண்டு தகட்டை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார், பிறகு அந்த இடம் திரும்பக் கிடைக்காது. அதனால் அக்கா, வேப்பிலை கட்டிய மறுநாளிலிருந்து, இரண்டு கடகத்தையும் தானே சுமந்துகொண்டிருந்தாள். அவள் இடத்தில் அந்த அம்மாள் இருந்திருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டேன். எங்கே விடுவது, இடுப்பில்தான் என்றாள்.

நான் மேலத்தெருவுக்கு ஓடினேன். அந்த அம்மாளிடம் இந்தமுறை வேறு விதமாகக் கேட்டேன். வந்தவர்களைக் கேட்கவில்லை. கூடு எடுக்கும்போது என் அக்கா எங்கே நின்றாள், பிள்ளை எங்கே இருந்தது என்று கேட்டேன். அவள் யோசிக்காமல் சொன்னாள். அக்கா நடைக்கு இந்தப்பக்கம் காலை வைத்ததே இல்லையாம். நடைக்கு வெளியே நின்றபடி கூடுகளை எண்ணி அடுக்குவாளாம். அந்த நேரம் பிள்ளையைக் கீழே இறக்கிவிடுவாளாம். பிள்ளை தவழ்ந்து நேராக உள்ளே போய்ப் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். எப்போதும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் அந்த ஒன்பது வயதுப் பெண்தானே, அவளைத் தேடித்தான் போனது. உடம்பு எரிச்சலில் ஒரு வாய் கஞ்சி குடிக்காத பெண், இந்தப் பிள்ளை வந்து விரலைப் பிடித்தால் சிரித்தாளாம்.

"பச்சப்பிள்ளைக்கு ஏது தடை? அது எந்த வீட்டுக்குள்ளயும் போகலாம்" என்றாள். எந்த ஊரிலும் அப்படித்தான். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

திரும்பி வரும் வழியில் நாட்களை எண்ணினேன். முதல் தடவை போய் பதினோரு நாள். நோய் ஒட்டி மூன்று நான்கு நாளுக்குள் குத்தினால் தடுத்துவிடலாம், ஒரு வாரத்துக்குள் என்றால் வேகத்தைக் குறைக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பதினோரு நாளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்து பிளாஸ்கைத் திறந்தேன். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளே பிள்ளையின் சட்டையைக் கழற்றி, கையைப் பிடித்துக் காட்டினாள். நேர்ச்சையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திருகும்போது பிள்ளை அழுதது. சாதாரணமாக எல்லாப் பிள்ளைகளும் அழுகிற அழுகைதான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு மூன்றாம் நாள் நெற்றியில் முத்துத் தெரிந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இழுத்துக்கொண்டு போவதில் எனக்கு விருப்பம் இல்லை. மேலத்தெருப் பெண் மூன்று தண்ணீரும் ஊற்றிக்கொண்டு, முகத்தில் தழும்போடு எழுந்துவிட்டாள். பிறகு அவள் கல்யாணமாகி சாத்தூர்ப் பக்கம் போனாள், பிள்ளைகுட்டிகளோடு இருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் எதுவும் கிடையாது. அவள் அம்மாவின் மேலும் கிடையாது. கோபம் யார்மேல் என்று தெரியாமல் ரொம்ப நாள் இன்ஸ்பெக்டர் மேல் கோபமாக இருந்தேன். இத்தனை சின்னப் பட்டியலா என்று கேட்டவர், இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதா என்று. அது அநியாயமான கோபம். இப்போது எனக்குத் தெரிகிறது.

நான் சொல்ல வந்தது முத்துப் போட்ட அன்று காலையைப் பற்றி. இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார். என் அக்கா வீட்டுப் பட்டியலை எழுத வேறு ஆளை அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் சார், நானே எழுதுகிறேன் என்றேன். அவர் வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். நான் தாளை விரித்துப் பேனாவைத் திறந்தேன். அக்கா பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை யார் தூக்கினார்கள், யார் முத்தம் கொடுத்தார்கள், யார் மடியில் தூங்கியது, யார் முந்தானையால் வாயைத் துடைத்தார்கள் என்று கேட்டேன். அக்கா ஒவ்வொருவராகச் சொன்னாள். காய்ச்சல் வந்த பிறகு பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, கஷாயம் கொண்டுவந்த ஒரு கிழவி, வழியில் நிறுத்திக் கொஞ்சிய தபால்காரர் வரைக்கும் ஒரு ஆள் விடாமல் சொன்னாள். லாரியில் பம்பாய்ப் பக்கம் போயிருந்த அத்தான் பெயர் அதில் வரவில்லை. அவர் மடியில் அந்தப் பிள்ளை தூங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. பதினான்கு பெயர் வந்தது. என் சர்வீஸில் நான் எடுத்த பட்டியல்களில் தவறில்லாத ஒன்று என்றால் அதுதான். அந்தத் தாளை வைத்து அன்று மாலைக்குள் பதினான்கு பேருக்கும் குத்தினோம். அவர்களில் ஒருவருக்கும் அம்மை வரவில்லை.

"முதல்ல உன் பேர எழுதுனியா?" என்று அக்கா கேட்டாள். எழுதவில்லை. அதுவரை ஒரு தாளிலும் என் பெயரை எழுதும் பழக்கம் இல்லை. மேலே இடம் விட்டிருந்ததால் பதினைந்தாவது பெயராக அங்கே எழுதிக்கொண்டேன்.

தாளின் கீழே நோயாளியைப் பற்றி ஒரு வரி உண்டு. முன்பு அம்மை குத்தப்பட்டதா, இல்லையென்றால் காரணம். எனக்குத் தெரிந்த விஷயம்தான். கேட்காமலே நிரப்பியிருக்கலாம். எல்லா வீட்டிலும் கேட்டுக் கேட்டு நாக்குக்குப் பழகிப்போனதால், தலையை நிமிர்த்தாமல் அதையும் கேட்டுவிட்டேன். குத்தாததற்கு என்ன காரணம் என்று எழுதட்டும் என்று கேட்டேன்.

அக்காவின் குரல் உயரவில்லை, அவள் அழவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஊர்ப் பிள்ளைகள எல்லாம் அதுக கதறக் கதற இழுத்துப்போட்டுக் குத்துனியே. என் பிள்ளைக்கு மட்டும் ஏன்டி என்கிட்டக் கேட்ட?"